பழைய படம் மனசைத் தொடலையா? முதல்ல டிவி மெனுவைத் திறங்க

மார்ச் 2, காலை. கேள்வி

ஒரு காலத்தில் அழவைத்த படங்களையும் தொடர்களையும் இப்போ பெரிய டிவியில் போட்டால் ஒட்டவே மாட்டேங்குது. நடிப்பு செயற்கையாத் தெரியுது, வீடெல்லாம் அட்டை செட் மாதிரி இருக்கு. படம் அப்பவே இப்படித்தான் இருந்ததா, இல்லை நினைவுதான் மெருகு போட்டு வெச்சிருந்ததா?

மார்ச் 2, இரவு

நினைவு மேல பழி போடுறதுக்கு முன்னாடி டிவியைப் பாருங்க. "அட்டை செட்"னு எழுதியிருக்கீங்களே, அதுவே போதும். மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கிட்டு இருக்கு.

பேசும் படம் நிலைச்சதிலிருந்து ஃபிலிமுக்கு நொடிக்கு 24 ஃப்ரேம். டிவி திரை நொடிக்கு 60 தடவையோ 120 தடவையோ புதுப்பிக்குது. அந்த இடைவெளியை நிரப்ப, உள்ளே இருக்கிற சிப் அடுத்தடுத்த ரெண்டு ஃப்ரேமை ஒப்பிட்டு, நடுவில் வராத ஃப்ரேம்களைத் தானே வரைஞ்சு செருகுது. கேமரா பிடிக்காத படங்கள் அவை. விளையாட்டு ஒளிபரப்புக்கு நல்லாயிருக்கும். கதைப்படத்தில் எல்லாமே பக்கத்து அறையில் நேரடியா நடக்கிற ஒத்திகை மாதிரி ஆயிடும். மேக்கப் மேக்கப்பாத் தெரியும், சுவர் அட்டையாத் தெரியும்.

இதில் முதல் அடி விழுறது மெதுவான காட்சிகளுக்குத்தான். ஒருத்தர் கடிதத்தைப் படிச்சு முடிக்கிறார். மடிக்கிறார். விரல் லேசா நடுங்குது, காகிதத்தின் ஓரம் அந்த நடுக்கத்தை வாங்கி ஆடுது. காட்சியின் கனம் முழுக்க அந்த ஓரத்தில் இருக்கு. சிப்புக்கு அது ஒரு சின்னப் பிழை மாதிரி. முன்னும் பின்னும் சராசரி எடுத்து நடுக்கத்தைத் தடவி விட்டுடும். விரலைச் சுத்தி ஜெல்லி மாதிரி ஒரு அலையும் கிளம்பும். நடிகர் கொடுத்தது நமக்கு வந்து சேரலை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது: படம் ஓடும்போதே பிக்சர் மெனுவைத் திறந்து பிக்சர் மோடை "ஃபிலிம்மேக்கர்" என்று மாத்துங்க. 2019-இல் அறிவிச்ச மோடு என்பதால் அதுக்கு முந்தின டிவியில் இருக்காது. அப்படின்னா "சினிமா" அல்லது "மூவி" எடுத்து, உள்ளே போய் மோஷன் சம்பந்தப்பட்டதை ஆஃப் பண்ணுங்க.

மார்ச் 3

மெனுவில் மோஷன் ஸ்மூத்திங் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங்கில் "ஆட்டோ மோஷன் ப்ளஸ்", புது மாடல்களில் "பிக்சர் க்ளாரிட்டி". எல்ஜியில் "ட்ரூமோஷன்". சோனியில் "மோஷன்ஃப்ளோ".

இன்னொண்ணு. இந்த அமைப்பு ஒவ்வொரு எச்டிஎம்ஐ வழிக்கும், டிவிக்குள்ள இருக்கிற ஆப்களுக்கும் தனித்தனி. சாதா படத்துக்கு ஒண்ணு, வெளிச்ச வித்தியாசம் அதிகமான எச்டிஆர் படத்துக்கு இன்னொண்ணு. ஒரு இடத்தில் மாத்திட்டு "எல்லா இன்புட்டுக்கும்" என்ற தேர்வு இருந்தால் அழுத்துங்க. இல்லாட்டி ஒவ்வொண்ணிலும் போய் மாத்தணும். மாத்தியும் சரியாகலைன்னு சொல்றவங்களில் பாதிப்பேர் இங்கேதான் தடுக்கி விழுறாங்க.

மார்ச் 3, இரவு. கேள்வி கேட்டவர்

மாத்தினேன். அட்டைத்தனம் போயிடுச்சு. ஆனா படம் மங்கலா, மஞ்சளா இருக்கு. பழைய மோடுதான் பளிச்சுன்னு இருந்தது.

மார்ச் 4

மஞ்சள் இல்லை, அதுதான் வெள்ளை. கடையில் கண்ணைப் பறிக்கிறதுக்காக டிவிகளை நீலம் தூக்கலா வெச்சு அனுப்புறாங்க. கலர் டெம்பரேச்சர் "கூல்" என்பது அந்த நீலம். "வார்ம்" என்பது 6500 கெல்வினுக்குப் பக்கம், படத்துக்கு வண்ணம் சேர்த்தவங்க பார்த்த வெள்ளையும் அதுதான். ஒரு வாரம் அப்படியே விடுங்க, கண் பழகிடும். அப்புறம் பழைய மோடுக்குப் போனால் முகமெல்லாம் நோயாளி மாதிரி தெரியும்.

சோதிக்க ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போடுங்க. அதில் நிறமே கிடையாது, அதனால் டிவி சேர்க்கிற எந்தச் சாயமும் மறைய இடமில்லை. நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, மேகம், மூணும் நீலம் அடிக்காமல் சாம்பலா இருந்தால் சரி.

மங்கலுக்கு: "பிரைட்னெஸ்"ஸைத் தொடாதீங்க. நிறைய டிவியில் அது வெளிச்சம் இல்லை, கறுப்பின் அளவு. ஏத்தினால் கறுப்பு சாம்பலாகி படம் சலவைத் தண்ணி மாதிரி ஆகும். ஏத்த வேண்டியது "பேக்லைட்" அல்லது "ஓஎல்இடி லைட்". கறுப்புக் கோட்டு போட்டவர் வர்ற காட்சியில் நிறுத்திப் பாருங்க. கோட்டின் மடிப்பு தெரியணும், கறுப்பு கறுப்பாவும் இருக்கணும். அறை விளக்கைக் குறைக்க முடிஞ்சால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

ஷார்ப்னெஸ்: டிவிக்கு டிவி நடுநிலை மாறும். சிலதில் 0, சிலதில் 50. எண்ணை நம்பாமல், வெளிச்சமான பின்னணியில் ஒரு கறுப்புக் கம்பியையோ எழுத்தையோ பாருங்க. ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒளிவட்டம் மாதிரி தெரிஞ்சால், அது மறையும்வரை குறைங்க. நாய்ஸ் ரிடக்ஷன் முழுக்க ஆஃப். ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளியை, அதாவது கிரெய்னை, அது அழுக்கு என்று நினைச்சுத் துடைக்குது. கூடவே கன்னத்தின் துளைகளும், கண்ணோரச் சுருக்கமும், விளிம்பில் தேங்கின ஈரமும் போயிடும். மிச்சம் மெழுகு முகம். மெழுகு அழுதால் யாருக்கு அழுகை வரும்?

மார்ச் 6

2-ஆம் தேதி எழுதினதில் ஒரு திருத்தம், முக்கியமானது. வழுவழு அசைவு எப்பவுமே தப்பு என்கிற மாதிரி எழுதிட்டேன். ஃபிலிமுக்குத்தான் அது பொருந்தும்.

ஸ்டூடியோவில் வீடியோ கேமராவில் எடுத்த தொடர்கள் பிறவியிலேயே வழுவழு. பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 ஃபீல்டு, என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு முறையில் கிட்டத்தட்ட 60. ஒவ்வொரு ஃபீல்டும் தனித் தருணம், பாதிக் கோடுகளோட. அந்தத் தொடர்களை அந்தக் காலத்து டிவியில் பார்த்தவங்களுக்கு அந்த "நேரில் நடக்குது" என்ற உணர்வுதான் ஞாபகம். 1970கள், 80களின் பல பிரிட்டிஷ் தொடர்களில் இதைக் கண்ணால் பிடிக்கலாம். வீட்டுக்குள்ளே வீடியோ, வெளிப்புறம் 16 மி.மீ. ஃபிலிம். பாத்திரம் கதவைத் திறந்து தெருவில் கால் வைக்கிற வெட்டில் உலகத்தின் அசைவே மாறும்.

இப்போ கோளாறு தலைகீழ். ஸ்ட்ரீமிங்கிலும் சில வட்டுகளிலும் இந்தத் தொடர்களை நொடிக்கு 25 ஃப்ரேமா சுருக்கிப் போடுறாங்க. பாதி அசைவு காணாமல் போகுது. நாலு பேர் உட்கார்ந்து சிரிச்சுப் பேசுற நகைச்சுவைத் தொடர் கூட ஏதோ கனமா, இழுவையா ஆயிடுது. "நினைவில் இருந்த துள்ளல் இல்லை"ன்னா காரணம் பெரும்பாலும் இது.

மார்ச் 6, மாலை. இன்னொருவர்

எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மார்ச் 6, இரவு

கோப்பாகவோ வட்டாகவோ இருந்தால் கணினியில் விஎல்சி என்ற ப்ளேயரில் போட்டு, ஃபீல்டுகளை முழு ஃப்ரேமாக்குற டீஇன்டர்லேஸை ஆஃப் பண்ணிட்டு, யாராவது குறுக்கே நடக்கும்போது நிறுத்துங்க. உடம்பின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிஞ்சால் ரெண்டு ஃபீல்டும் உயிரோட இருக்கு. டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி மோடை "யாடிஃப் 2எக்ஸ்" என்று வையுங்க. வெறும் "யாடிஃப்" போட்டால் 25 ஃப்ரேம்தான் வரும், 2எக்ஸ் தான் 50 தரும். அப்புறம் "ஈ" (E) விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு ஃப்ரேமாப் போங்க. ஒவ்வொரு தட்டலுக்கும் ஆள் நகர்ந்தால் வீடியோ. ரெண்டு தட்டலுக்கு ஒருதடவை நகர்ந்தால் ஃபிலிமில் எடுத்து 25-க்கு மாத்தினது.

சீப்புப் பல்லே இல்லாமல், ஒரு வீடியோத் தொடர் நொடிக்கு 25-தான் இருக்குன்னால் அந்தப் பாதி போனது போனதுதான். பழைய டிவிடி பதிப்பு கிடைச்சால் அதை வாங்குங்க. தெளிவு குறைவா இருந்தாலும் அசைவு பெரும்பாலும் முழுசா இருக்கும்.

மார்ச் 9

அடுத்து சட்டகம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம். 4:3-இல் எடுத்ததை 16:9 திரை முழுக்க இழுத்தால் எல்லாரும் மூணில் ஒரு பங்கு அகலமாயிடுவாங்க. "ஜூம்" போட்டால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். ரெண்டில் ஜூம்தான் மோசம்னு நினைக்கிறேன், ஏன்னா இழுப்பு கண்ணுக்குத் தெரியும், வெட்டு தெரியாது. 4:3 சட்டகத்தில் க்ளோஸப்பை முகவாய்வரை நிறைச்சு வைப்பாங்க, கைகளை அடிவிளிம்பில் வைப்பாங்க. மேசை மேல ஒரு கை இன்னொரு கையைத் தேடுற ஷாட்டில் வெட்டுக்குப் பிறகு மேசையே இல்லை.

பொதுவெளியில் தெரிஞ்ச உதாரணம் சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர். 2019-இல் டிஸ்னி ப்ளஸ்ஸில் வந்தப்ப 4:3 பாகங்களை 16:9-க்கு வெட்டியிருந்தாங்க. மூணு வகை பீர் என்று விற்கிற மூணு தொட்டிக்கும் மேலே ஒரே குழாய் வருதுங்கிறதுதான் ஒரு காட்சியின் நகைச்சுவை. வெட்டில் குழாய் போயிடுச்சு, மூணு தொட்டி சும்மா நிற்குது. பார்வையாளர்கள் விடாமல் கேட்டதில் 2020 மே மாதம் மூல அளவையும் தேர்வா கொடுத்தாங்க. கேட்டால் கிடைக்கும்னு இதில் தெரியுது, அதனால கேளுங்க.

டிவியில் "ஒரிஜினல்" அல்லது "4:3", கூடவே "ஜஸ்ட் ஸ்கேன்" மாதிரி பெயரில் ஓவர்ஸ்கேனை (விளிம்பை வெட்டிப் பெரிசாக்குறதை) நிறுத்துற தேர்வு. பக்கத்தில் வர்ற கறுப்புப் பட்டைகள் பத்து நிமிஷத்தில் கண்ணுக்கு மறைஞ்சுடும்.

மார்ச் 10

குரல் பத்தி ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார். "பாட்டு நினைவில் இருந்த சுருதியில் இல்லை, கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு." காது சரியாத்தான் சொல்லுது. பால் நாடுகளில் 24 ஃப்ரேம் படத்தை 25-ஆக ஓட்டி ஒளிபரப்பினாங்க, டிவிடியும் போட்டாங்க. 4 சதவீதம் வேகம் கூடும், சுருதி அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவா ஏறும். 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடியும். படத்தின் மூல நீளம் தெரிஞ்சால் கழிச்சுப் பாருங்க, உடனே தெரிஞ்சுடும்.

சரிசெய்ய: விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்குங்க. அதோட ஆடியோ அமைப்பில் "டைம் ஸ்ட்ரெச்சிங்" என்பதை எடுத்துடணும். அது இருந்தால் வேகம் குறையும், சுருதி ஏறினபடியே நிற்கும்.

மார்ச் 10, அரைமணி கழிச்சு

மேலே சொன்னதுக்கு ஒரு விலக்கு. சில வட்டுகளில் தயாரிக்கும்போதே சுருதியை இறக்கிச் சரிபண்ணியிருப்பாங்க. அதுக்கு டைம் ஸ்ட்ரெச்சிங் இருக்கணும், இல்லாட்டி குரல் தடிச்சுடும். நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டின் முதல் வரியைக் கேட்டு முடிவு பண்ணுங்க.

எந்த வேகத்தில் பார்த்து வளர்ந்தீங்களோ அதுவே உங்களுக்குச் சரியாப் படலாம். டிவியில் மட்டுமே பார்த்த படம்னா, வேகமான பதிப்புதான் நினைவில் பதிஞ்சிருக்கும். அதில் தப்பு ஒண்ணும் இல்லை. ரெண்டையும் ஒருதடவை கேளுங்கன்னுதான் சொல்வேன்.

மார்ச் 14

ஒலியில் இன்னொரு எதிரி, "ஆட்டோ வால்யூம்", "நைட் மோட்" மாதிரி பெயரில் இருக்கும். சத்தத்தைக் குறைச்சு அமைதியைத் தூக்கும். செய்தி பார்க்கச் சரி. பிரிவுக் காட்சியை யோசிச்சுப் பாருங்க. வசனம் முடியுது. நாலு நொடி ஒண்ணும் இல்லை. அந்த நாலு நொடிக்காகத்தான் முந்தின பத்து நிமிஷமும். இந்த வசதி ஆன் ஆகியிருந்தால், பேச்சு நின்னதும் பின்னணி இரைச்சல் "ஸ்ஸ்ஸ்"னு மெல்ல மேலே ஏறி வரும். அடுத்த வசனம் தொடங்கினதும் சட்டுன்னு இறங்கும். மௌனம் மௌனமா இருக்காது.

பழைய படத்தின் ஒலி பெரும்பாலும் மோனோ, ஒரே தடம். டிவியின் செயற்கை சரவுண்டை நிறுத்துங்க, அது ஒத்தைக் குரலை அறை முழுக்கப் பரப்பி ஆளோட வாயிலிருந்து பிரிச்சுடும். 1930களின் கடைசியிலிருந்து திரையரங்கு ஸ்பீக்கர்கள் உச்ச ஒலியை நல்லாக் குறைச்சே ஒலிச்சன, ஒலிக்கலவையும் அதை மனசில் வெச்சுப் பண்ணினதுதான். அதனால ட்ரெபிளை ரெண்டு மூணு படி குறைச்சால் இரைச்சல் அடங்கும், வயலின் இனிக்கும்.

மார்ச் 15

சின்னது, ஆனா செய்யுங்க: ஸ்ட்ரீமிங் ஆப்பில் "அடுத்த பாகம் தானாக ஓடு" என்பதை நிறுத்துங்க. கடைசிக் காட்சி முடிஞ்சு பெயர்கள் ஓடும்போது வர்ற இசை படத்தின் பகுதி. கண்ணைத் துடைக்கிற நேரம் அது.

மார்ச் 21. வேறொருவர்

வீட்டில் முப்பது வருஷத்து விஎச்எஸ் டேப்கள் இருக்கு, டிவியில் வந்ததைப் பதிவு பண்ணினது. போட்டுப் பார்க்கலாமா?

மார்ச் 21, இரவு

உடனே போடாதீங்க. முதல்ல டேப் கூட்டின் ஜன்னல் வழியா நாடாச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்க. வெள்ளைப் புள்ளியோ தூளோ தெரிஞ்சால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடா கிழியலாம், நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்கும் பரவும். அந்த டேப்பைத் தனியா எடுத்து வையுங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க கையில் கொடுங்க.

சுத்தமா இருந்தால், குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த டேப்பை ஒரு நாள் அறையில் வையுங்க. பதிவைத் தடுக்கிற சின்னத் தகடு முதுகுப்பக்கம் இன்னும் இருந்தால் உடைச்சு எடுத்துடுங்க. தவறிப்போய் ரெக்கார்டு அழுத்தினால் முப்பது வருஷம் போயிடும். அப்புறம் கடைசிவரை ஓட்டி, திரும்ப ரீவைண்ட், இழுவிசை சீராகும். அதுக்கப்புறம்தான் ப்ளே. முதலில் ஒரு மதிப்பில்லாத டேப்பைப் போட்டு விசிஆரை (டேப் ஓட்டுற கருவியை) சோதிங்க. கடைசியா விசிஆர் தயாரிச்சுக்கிட்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க, அதனால இப்போ கிடைக்கிறது எல்லாமே பழசு, ரப்பர் இறுகினது.

ஹெட் சுத்தம்: பஞ்சுக் குச்சி வேணாம், நார் ஹெட்டில் மாட்டி முனை உடையும். நார் விடாத துணி அல்லது மான்தோலில் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால். அதை ஹெட் இருக்கிற உருளையில் லேசா ஒட்டிப் பிடிச்சு, உருளையை மேலே தொட்டுக் கையால் சுத்துங்க. துணியை மேலும் கீழும் இழுக்கவே கூடாது.

கிறீச் சத்தம் வந்தால் உடனே ஸ்டாப்.

மார்ச் 22

"ஓவனில் சூடாக்கினால் சரியாகுமாமே?" என்று கேட்டிருக்காங்க. அது 1970கள், 80களின் சில ரீல் டேப்புகளுக்கான வைத்தியம். அவற்றின் பசை ஈரம் இழுத்துப் பிசுபிசுப்பாகும், 50-55 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கா, வெப்பம் துல்லியமா நிற்கிற கருவியில் உலர்த்துவாங்க. விஎச்எஸ்ஸுக்கு அது தேவைப்படுறது அபூர்வம். சமையல் ஓவனில் வெப்பம் ஏறி இறங்கும், கூடு வளைஞ்சுடும். செய்யாதீங்க.

மார்ச் 25

டிஜிட்டலுக்கு மாத்துறது. ஒரே ஒருதடவை நல்லாப் பண்ணணும், ஏன்னா அடுத்த தடவை நாடா இப்படி இருக்கும்னு உத்தரவாதம் இல்லை.

எஸ்-வீடியோ துளை இருக்கிற விசிஆர் கிடைச்சால் அதையே எடுங்க, மஞ்சள் ஒயரைவிட நிறம் சுத்தமா வரும். விசிஆருக்கும் கணினிக்கும் நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (டிபிசி) வேணும். பழைய நாடாவில் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே தொடங்கும், நேரான கதவு நிலை வளைஞ்சு நெளியுறது அதனால்தான். டிபிசி அந்தக் கோடுகளை வரிசையில் நிறுத்தும். சில டிவிடி ரெக்கார்டர்களை நடுவில் மாட்டிச் சும்மா வழியனுப்பினாலே இதில் பாதி வேலை நடக்கும்.

பதிவு அளவு பாலுக்கு 720×576, என்டிஎஸ்சிக்கு 720×480. இன்டர்லேஸை (ஃபீல்டு ஃபீல்டா இருக்கிறதை) அப்படியே விடுங்க, பதியும்போது டீஇன்டர்லேஸ் பண்ணாதீங்க. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இழப்பில்லாத வடிவத்தில் பதிஞ்சால் மணிக்கு 30 ஜிபி அளவுக்கு வரும், மூணு மணி டேப்புக்கு நூறு ஜிபி ஒதுக்குங்க. இடமில்லைன்னா டி.வி. (DV) என்ற பதிவு வடிவம் மணிக்கு 13 ஜிபி. அது மூலப்பிரதி. பார்க்கிறதுக்கான பிரதியைத் தனியா அதிலிருந்து எடுங்க: 50 ஃப்ரேமுக்கு டீஇன்டர்லேஸ், எச்.264, தர எண் (CRF) 18, விகிதம் 4:3.

படத்தின் அடியில் பத்துக் கோடு அளவுக்கு ஒரு கிழிசல் மாதிரி ஓடும். அது கோளாறில்லை, விசிஆர் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொண்ணுக்கு மாறுற இடம். பழைய டிவியின் விளிம்பு அதை மறைச்சு வெச்சிருந்தது. கறுப்பால் மூடுங்க, வெட்டி இழுக்காதீங்க.

மார்ச் 26

உதடும் குரலும் போகப்போக விலகுதுன்னா ஃப்ரேம்கள் விட்டுப்போகுது. பதிவு மென்பொருளில் "ட்ராப்டு ஃப்ரேம்ஸ்" எண்ணைப் பாருங்க, மணிக்கு ஒண்ணு ரெண்டு பரவாயில்லை. அதுக்கு மேல போனால் டிபிசி இல்லாத குறை, இல்லாட்டி வட்டின் வேகம் போதலை. ஹை-ஃபை ஒலியில் "டர்ர்ர்" கேட்டால் ட்ராக்கிங்கைச் சரிபண்ணுங்க. அப்பவும் போகலைன்னா ஒலியை "நார்மல்" ட்ராக்குக்கு மாத்துங்க. தரம் குறைவு, ஆனா நிலையா இருக்கும்.

ஏப்ரல் 3

டேப்பை மாத்தினவர் விளம்பரங்களை வெட்டட்டுமான்னு கேட்டிருக்கார். மூலப்பிரதியில் ஒரு நொடி கூட வெட்டாதீங்க. தொடர் எங்கேயாவது கிடைக்கும். நடுவில் வர்ற அறிவிப்பாளர் குரல், நிலையச் சின்னம், "அடுத்து வருவது" அட்டை, இதெல்லாம் உங்க டேப்பில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். பிபிசி 1970கள்வரை நிகழ்ச்சி டேப்களை அழிச்சு மறுபடி பயன்படுத்தினாங்க. டாக்டர் ஹூ தொடரில் படம் தொலைஞ்ச பாகம் ஒவ்வொண்ணுக்கும் ஒலி மட்டும் இன்னைக்கும் இருக்கு. காரணம், வீட்டில் இருந்த பார்வையாளர்கள் ஒளிபரப்பின்போதே ஒலிநாடாவில் பிடிச்சு வெச்சாங்க. அவங்களுக்குப் பிடிச்சிருந்தது, அதனால பத்திரப்படுத்தினாங்க.

ஏஐ மூலம் பெரிசாக்குறது பத்தியும் கேள்வி. விஎச்எஸ்ஸில் ஒரு கோட்டுக்குக் கிடைக்கிற விவரம் ரொம்பக் கம்மி. தூரத்து முகத்தில் கண் என்பது நாலு புள்ளி. மென்பொருள் அந்த நாலு புள்ளிக்கு வேறொருத்தர் கண்ணை வைக்குது, பல்லை எண்ணிக்கை மாத்தி அடுக்குது. பார்க்கிற பிரதியில் ஆசைக்குச் செஞ்சு பாருங்க, மூலத்தை மட்டும் தொடாதீங்க.

ஏப்ரல் 7. முதலில் கேட்டவர்

எல்லாம் சரிபண்ணிட்டேன். ஒரு படம் மட்டும் முழுக்க இளஞ்சிவப்பா இருக்கு. சிவப்பைக் குறைச்சேன், முகம் சாம்பலாயிடுச்சு.

ஏப்ரல் 7, இரவு

அது டிவி இல்லை, பிரதி. 1950களிலிருந்து 80களின் தொடக்கம்வரை வந்த நிறைய கலர் பிரிண்டுகளில் சயான் (நீலப்பச்சை) சாயம் இருட்டில் வெச்சிருந்தாலும் முதலில் மங்கும். வானத்தின் நீலமும் இலையின் பச்சையும் போய் மஜென்டா (ஊதாச் சிவப்பு) மட்டும் நிற்கும். சிவப்பு கூடினதா தெரியுது, உண்மையில் மத்தது குறைஞ்சிருக்கு. அதனால சிவப்பைக் குறைச்சால் இருக்கிற ஒண்ணும் போகும். குறைச்சதைப் பழைய அளவுக்கே கொண்டு வாங்க. நெகட்டிவிலிருந்து புதுசா ஸ்கேன் பண்ணின பதிப்பு இருக்கான்னு தேடுங்க. நெகட்டிவ் பெரும்பாலும் பிரிண்டைவிட நல்ல நிலையில் கிடைக்கும். அப்படி ஒண்ணு இல்லைன்னா, கலர் அளவைப் பூஜ்யமாக்கிக் கறுப்பு வெள்ளையாப் பாருங்க. முகங்கள் திரும்ப வரும்.